மூணு மாத்திரை

– அப்புறம் ரயிலு ஊதும் மிஸி. லாபிஸ் பக்கம் போற ரயிலு. ஊதுனதும் இந்த வார்டே மெல்ல தண்ணியில மெதக்கும். கட்டிலு, காத்தாடி, நானு, எல்லாம் ஒண்ணா.

– நான் நர்ஸ் மிஸி இல்ல அங்கிள். ஃபார்மசி. லோஷினி. நேத்தும் சொன்னேன்.

– வெள்ளச் சட்ட போட்டா எல்லாரும் மிஸிதான் லா.

– சரி, மிஸின்னே வெச்சுக்குங்க. மிஸ்டர் வாலண்டைன், ஒடம்பு இன்னும் அரிக்குதா?

– என்ன அரிப்பு?

– பாத்தீங்களா, மறந்தே போச்சு. கால் வீங்கி வந்து படுத்த அன்னிக்கு ஒடம்பெல்லாம் அரிக்குதுன்னீங்க. டாக்டர் மூணு வேளைக்கு மாத்திர எழுதுனாரு. அரிப்பு ரெண்டு நாள்ல போயிடுச்சு, மாத்திர போகல. சார்ட்ல தாள் முடிய முடிய, பழசப் பாத்து அப்படியே புதுத் தாள்ல எழுதிட்டாங்க. ஒங்கள ஒரு வார்த்த யாரும் கேக்கல.

– கேட்டா என்ன சொல்லியிருப்பேன்? நல்ல மாத்திரன்னுதான்.

– எழுபத்தோரு வயசுக்கு அது மயக்கும் அங்கிள். போன வாரம் பாத்ரூம்ல விழப் பாத்தீங்களாமே.

– விழலியே.

– இப்ப எப்படி இருக்கு தல?

– ரெண்டு நாளா காத்தாடி ரெக்க மூணும் தனித்தனியா தெரியுது. அதான் பிடிக்கல.

– அந்த மாத்திர ஒங்களுக்கு வேணாம். அதச் சொல்லத்தான் வந்தேன்.

– அலமாக்! வேணாம்மா. எத வேணும்னாலும் நிறுத்து. பிரஷர் மாத்திரைய நிறுத்து. இத மட்டும் விட்ரு.

– ஏன் அங்கிள்?

– சொன்னா சிரிப்ப.

– சிரிக்க மாட்டேன்.

– ரயிலு ஊதுனதும் எம்மக வருவா. ஃபெலிசியா. அந்த ஸ்டூல்ல ஒக்காந்து, பேசாம ஈரத்துணியால எம் பாதத்தத் தொடப்பா. யூக்கலிப்டஸ் வாசம் வரும், அவங்கம்மா தேச்சு விடுற மாதிரியே. முழுசா கண்ணத் தொறந்தா கலஞ்சிடும்னு அரக்கண்ணுலதான் பாப்பேன்.

– மக எங்க இருக்காங்க?

– சிங்கப்பூர்ல. கோவிட் அப்ப அங்கேருந்து இங்க வர்ற பாலத்த மூடிட்டாங்க. அவங்கம்மாவ அடக்கம் பண்ண அவளால வர முடியல. போன்ல கதறுனா. நான், இனிமே எம் மூஞ்சியில முழிக்காதன்னு வெச்சிட்டேன்.

– அதுக்கப்புறம்?

– பாலத்தத் தொறந்துட்டாங்க. நான் தொறக்கல.

– ஒரு போன் போட்டிருக்கலாமே.

– எத்தன தடவ எடுத்தேன் தெரியுமா? நெஜத்துல எனக்கு வாய் வராதும்மா. வந்தா திட்டுதான் வரும். கனவுல வருது. முந்தாநேத்து சொல்லிட்டேன், பாலத்த மூடுனது ஒன் தப்பா பாப்பா, அப்பாவுக்குத்தான் புத்தி இல்லன்னு. தொடச்ச கை நின்னுடுச்சு. எம் பாதத்துல சொட்டு சொட்டா விழுந்துச்சு, சூடா. ஏம்மா, கனவுல சூடு தெரியுமா?

– அங்கிள்...

– நேத்து, நாளைக்கும் வா பாப்பான்னு கேட்டேன். தலையாட்டுனா. நீ நிறுத்திட்டா அவ எந்த வழியா வருவா? பாதி மாத்திரையாச்சும் குடும்மா.

– திங்கக்கெழமயே நிறுத்தியாச்சு அங்கிள். டாக்டர் கையெழுத்து போட்டுட்டாரு. இன்னிக்கு வியாழன்.

– பொய் சொல்ற. நேத்து மத்தியானம்கூட நாலு மாத்திரைய ஒண்ணா வாயில கொட்டுனேனே.

– மூணு. நீங்க பாக்காம முழுங்கிட்டீங்க.

– அப்ப முந்தாநேத்து வந்தது... நேத்து தலையாட்டுனது...

– திங்கக்கெழம அந்த வராந்தாவுல ஒருத்தங்க எங் கையப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் கெஞ்சுனாங்க அங்கிள்: "மாத்திரைய நிறுத்தாதீங்க மிஸ், தெளிஞ்சா அப்பா என்ன வெரட்டிடுவாரு."