கருப்பட்டிச் சேனை

சேனைக்குச் சீனியைவிடக் கருப்பட்டிதான் நல்லது, ஏட்டய்யா. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் விரலால் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் அதற்கு வரும். அருப்புக்கோட்டையில் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் சேனை வைத்தவள் ஆயா லிங்கம்மாள், நான்தான். கைராசிக்காரி என்று நரிக்குடியிலிருந்துகூட என்னைத் தேடி வண்டி கட்டி வருவார்கள்.

இந்த அறுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் பச்சைப்பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் கிளம்பியது. பென்சிலின் ஊசிக்கும் கேட்கவில்லை. சில பிள்ளைகள் செத்தன. புதிதாக வந்த டாக்டரம்மா எங்கள் எல்லோர் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்து, அந்தக் குச்சிகளை மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"லிங்கம்மா, பென்சிலினுக்குச் சாகாத கிருமி உன் மூக்குல குடியிருக்கு. உன்னை ஒண்ணும் செய்யாது. உன் கை வழியாப் பிள்ளைகளுக்குப் போகுது. நான் சொல்ற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் தொடாதே."

கூட்டிப் பெருக்குகிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வந்தவள் என் கையை விஷம் என்கிறாள். அன்றிலிருந்து எனக்குக் கக்கூஸ் கழுவுகிற வேலை.

நெசவுக்காரர் சென்னய்யா பெண்டாட்டி ராமலட்சுமிக்கு அதற்கு முன்னால் பிறந்த எதுவும் தங்கவில்லை. இந்தத் தடவை ஆண்பிள்ளை. அவள் மாமியார் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டு வச்சிட்டுப் போ தாயி. ஒன் கைராசியில இதாச்சும் தங்கட்டும்."

டாக்டரம்மா சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இந்தப் பிள்ளை நன்றாக வளர்ந்தால் அந்த அம்மா மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

இருந்தாலும் டெட்டால் ஊற்றிக் கையைத் தேய்த்துக் கழுவினேன். ஆத்திரத்தில் அழுகை முட்டியது. மூக்கைச் சிந்தி, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கருப்பட்டியைக் கரைத்து அந்த விரலாலேயே நாக்கில் வைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டியது.

அந்த வாரமே அதற்கும் கொப்புளம் கிளம்பியது. எந்த ஊசிக்கும் நிற்கவில்லை. ராமலட்சுமி தெலுங்கில் என்னவோ சொல்லி அழுதாள். என் பெயர் மட்டும் விளங்கியது.

சென்னய்யா எழுதிக் கொடுத்த புகார் உண்மைதான், ஏட்டய்யா. தொடாதே என்று சொன்ன பிறகும் சேனை வைத்தது நான்தான். அந்த அம்மா மேல் இருந்த கோபத்தில்தான் வைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளையைக் கொன்றது என் கை இல்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் டெட்டால் போட்டுக் கழுவினேன். ராசி அதோடு போய்விட்டது.