மூட்டை மேல் போன்

— போன்ல உங்ககூடப் பேசுனா மனசு லேசாகும்னீங்களே யாழினி மேடம். ஆச்சுங்க. நல்லாவே லேசாயிருச்சு.

— கேக்கவே சந்தோஷமா இருக்கு விஜயகுமாரிக்கா. செவ்வாய்க்கிழமை நீங்க அழுதீங்க பாருங்க, கவுன்சிலிங்ல அது பெரிய ஸ்டெப். அதென்னக்கா டிக்கு டிக்குன்னு சத்தம்?

— கத்திரிங்க. பனியன்ல பிசிறு வெட்டறேன். பொழுதோட கம்பெனி வண்டி மூட்டைய எடுக்க வந்துருமுங்க.

— இந்த அரை மணி நேரமாச்சும் உங்களுக்குன்னு வச்சுக்கங்கன்னு சொன்னேன்ல.

— வெச்சுக்கறேன். இத ஆரு வெட்டறது, நீங்களா?

— சரிக்கா, கோவப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?

— மூணு நாளா கஞ்சி எறங்கலைங்க.

— பக்கவாதம் வந்தவங்களுக்கு முழுங்குறது சிரமமா இருக்கும்க்கா. டாக்டர்கிட்ட...

— நர்சு வந்து பாத்துட்டாங்க. தொண்டையில கோளாறே இல்லையாமா. ரெண்டு வருசமா என்ற கையால வாங்கித் தின்ன மனுசன், ஸ்பூனக் கண்டா செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கறாரு. செவ்வாக்கெழம இருந்து.

— அன்னைக்கு என்னக்கா நடந்துச்சு?

— உங்க போனு வந்துதுங்க.

— புரியலையே.

— மனசுல கெடக்கறத அப்படியே கொட்டுங்கன்னீங்க. கொட்டுனனுங்க.

— ஓ, ‘அவரு போய்ச் சேந்தா நான் ஒருநாளாச்சும் முழுசாத் தூங்குவேன்’னு சொன்னீங்களே, அதுவா? நோயாளியப் பாத்துக்குற எல்லாருக்கும் வர்ற நினைப்புதான்க்கா அது.

— மெல்லப் பேசுங்க மேடம். மறுக்காவும் கேக்கோணுமா அவரு?

— தனியா இருந்துதானேக்கா பேசுனீங்க? மொத நாளே சொன்னேனே.

— ஒத்த ரூமு லைன் ஊடுங்க. அவரு கட்டலு, நானு, பனியன் மூட்டை. தனியா எங்கீங்க போறது?

— போனக் காதுல வச்சுப் பேசியிருக்கலாமே.

— கத்திரிக்கு ஒரு கையி, துணிக்கு ஒரு கையி. ஸ்பீக்கர்ல போட்டு மூட்டை மேல வெச்சுருவனுங்க. எப்பவும் அப்படித்தான்.

— அவருக்கு எதுவும் புரியாதுன்னு சொன்னீங்க?

— வாய் போனா காதும் போயிரும்னு நெனச்சேன். கூறு கெட்டவ.

— அக்கா... இப்பவும் ஸ்பீக்கர்லயா இருக்கு?

— ஆமாங்க. இந்தா, அவரு தலமாட்டுக்கே கொண்டாந்துட்டேன். விஜயகுமாரி சொன்னது பொய்யின்னு சொல்லுங்க.

— நீங்க சொன்னாத்தானேக்கா அவருக்கு...

— நான் சொன்னா நம்ப மாட்டாருங்க. எனக்குப் பொய் பேச வராதுன்னு அவருக்குத் தெரியும்.