மாப்பிள்ளை வீட்டுக் கிணறு

— மாடி பாத்தாச்சு, மாட்டுக்கொட்டாயும் பாத்தாச்சு. வீடு பிடிச்சுப்போச்சு அய்யம்மா தங்கச்சி. எம் பொண்ணு அனுப்பிரியா குடுத்துவச்சவ. பூ வைக்க நாள் பாருங்க.

— ஆமா போங்க தங்கபாண்டியண்ணே. பின்னால கெணறு இருக்கு, அதப் பாக்காமயே சொல்லிட்டீக.

— அட, வீடு பாக்க வந்தவன் மொத மொத அதத்தானே கேக்கணும்! தண்ணிக்குக் கஷ்டமில்லையே?

— சித்திரையிலயும் வத்தாதுண்ணே. அள்ளிக் குடிச்சுப் பாருங்க... அய்யய்யோ, வேணாம் வேணாம்! பழக்கதோசத்துல சொல்லிட்டேன். குடிக்க கேன் தண்ணிதான்.

— ஏன் ஆத்தா, உப்பா?

— கல்கண்டு கணக்கா இருந்த தண்ணி. மேல மலையில ஏலக்காத் தோட்டத்துல மருந்தடிச்சா, மறுநா ஓடையில நொரை வருது, கெணத்துல வாடை வருது. மூணு வருசமா இந்தக் கூத்துதான். ரெண்டு ஆடு செத்துச்சு. குளிச்சா எம் மகன் வினோத்துக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு. நாளைக்கு உங்க பேரனக் குளிப்பாட்டுறதும் இதுலதான்.

— எந்தப் பய தோட்டம் அது? சொல்லுங்க, ஒரு கை பாத்துருவோம். எந்த ஓடை?

— ஆனைக்கெடங்கு ஓடை.

— ஆனைக்கெடங்கா? அது... என் ஏலக்காத் தோட்டத்துக்குள்ள ஓடுற ஓடையாச்சே?

— அப்படியாண்ணே?

— போடியில ஜீப்பு ஏறுனா தோட்டத்துலதான் எறங்குவேன். ஓடை எங்கிட்டுப் போகுதுன்னு நான் என்னத்தக் கண்டேன்? டிரம்மு, ஓசு, மருந்து டப்பா எல்லாத்தையும் ஓடையில அலசச் சொன்னதே நாந்தான். ஓடுற தண்ணி, எல்லாத்தையும் கொண்டுபோயிரும்னு நெனச்சேன்.

— கொண்டுதாண்ணே வந்துச்சு. எங்க வீட்டுக்கு.

— இருங்க, ஒரு போன் போட்டுக்கிறேன்... டேய் பால்சாமி! மருந்தடி முடிஞ்சிருச்சா? டிரம்ம ஓடைப்பக்கம் கொண்டுபோன, கொன்னுபுடுவேன். அலசுற தண்ணிய செடிக்கே அடிச்சிரு. காலி டப்பாவ சாக்குல கட்டிக் கீழ கொண்டா. என்னது, ஏனா? எம் பொண்ணு பொழங்கப்போற தண்ணிடா அது! இன்னைக்கு மட்டுமில்ல, இனி எப்பவுமே அப்படித்தான். வெரசாப் போ.

— மனசு குளுந்துபோச்சுண்ணே. ரெண்டு மழை பேஞ்சா கெணறு தெளிஞ்சிரும். காப்பி குடிங்க, ஆறுது. கேன் தண்ணியிலதான் போட்டேன், பயப்படாதீக.

— எனக்குத்தான் வெக்கமா இருக்கு தங்கச்சி. ஆனா ஒண்ணு. ‘அப்படியாண்ணே’ன்னு கேட்டீகளே, மொகத்துல ஒரு ஆச்சரியத்தையே காணோமே?

— ஐப்பசியிலயே நானும் வினோத்தும் ஓடை பிடிச்சு மேல ஏறி வந்தோம். உங்க ஆளுக டிரம்மு கழுவுனதக் கண்ணால பாத்தோம்.

— அடப்பாவமே! அன்னைக்கே என்னையப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருக்கலாமுல்ல?

— கேள்வி கேட்டா ஒரு மருந்தடிக்கு நிப்பாட்டுவீக. அதாண்ணே, பொண்ணு கேட்டு வந்தோம்.