எவர்சில்வர் தொட்டியைக் கழுவியவன்

காய்ந்த பாலைச் சுரண்டி எடுக்கக் கூடாது சார், ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் பால் குண்டான் கழுவுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் பெயர் கலியமூர்த்தி. திருமுல்லைவாயிலிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சைக்கிளில் போய் வருகிறவன். கம்பெனி கேன்டீனில் கழுவுகிற வேலை. இந்தத் தொண்ணூற்று மூணாம் வருஷ ஆரம்பத்தில், இழுத்து மூடிய ஏதோ ஓர் ஆபீஸிலிருந்து அந்தக் காபி மெஷினை ஏலத்தில் எடுத்து வந்து இறக்கினார்கள். நாற்றம் தாங்காமல் ஒருத்தரும் கிட்டே போகவில்லை. உள்ளே எவர்சில்வர் தொட்டி. அதில் பழைய பால் அடை அடையாகக் கருகிக் கிடந்தது, மூலையெல்லாம் கரப்பான் பூச்சி. நான் தோள்வரை கையை விட்டு, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். விரலெல்லாம் வெந்துபோனது. அதற்கப்புறம் பட்டனை அழுத்திக் காபி கொடுக்க ஜேசுராஜைப் போட்டார்கள்.

நல்ல பையன்தான். சிரித்த முகம், கப் தளும்ப ஊற்றுவான். அதனால் ஆளாளுக்கு அதை ஜேசுராஜ் மெஷின் என்றார்கள். போகட்டும் என்று விட்டேன்.

ஆயுத பூஜையில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு அந்தந்த மெஷினுக்கு அதன் ஆள்தான் சந்தனப் பொட்டு வைக்க வேண்டும். வேறு யார் கையும் படக் கூடாது. வைத்தவனுக்கு வேட்டியும் துண்டும் வைத்துத் தாம்பாளம் கொடுப்பார்கள். நான் தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். மேனேஜர் ரகுநாதன், காபி மெஷின்காரர் வாப்பா என்று ஜேசுராஜைக் கூப்பிட்டார். சர்ச்சுக்குப் போகிற பையன், எந்த விரலால் பொட்டு வைப்பது என்று தெரியாமல் முழித்தான். உடைத்த பூசணிக்காயை வாரிப் போடச் சொல்லி என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஜேசுராஜ் பின்னாலேயே வந்து, வேட்டியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் துண்டு போதும் என்று நீட்டினான். பிச்சை போடுகிறான் என்று பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

லீவு முடிந்து கம்பெனி திறந்த காலையில், வழக்கம்போல் முதல் ஆளாகப் போய்த் தொட்டியைக் காஸ்டிக்கில் ஊறப் போட்டேன். அதை வடித்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். அன்றைக்கு வடிக்கவே இல்லை. ஜேசுராஜ் வந்து மேல்மூடியைத் திறந்து பாலையும் டிக்காஷனையும் ஊற்றினான். மேலேயிருந்து பார்த்தால் அடியில் கிடப்பது தெரியாது.

ஒருத்தன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. காபி கெட வேண்டும், அவன் நாலு பேர் முன்னால் முழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

லேத்தில் வேலை செய்கிற அப்பாவு ஒரு வாய் வைத்ததுமே துப்பினார். "இன்னாபா இது, சோப்புத் தண்ணி மாரி கீது" என்றார். கூட்டம் கூடிவிட்டது. ரகுநாதன் வந்து ஜேசுராஜைக் கிழி கிழியென்று கிழித்தார். பொய் சொல்வானேன், கேட்கக் குளுகுளுவென்று இருந்தது. பையன் அதோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கலாம்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். கலியமூர்த்தி அண்ணாத்தே கய்வினது. அவரு கய்வினா கண்ண மூடிகினு குடிக்கலாம்" என்றான். ஒரு கப் பிடித்து நன்றாக ஆற்றினான். வாயில் வைக்குமுன் என் பக்கம் திரும்பி, "குடிக்கட்டா அண்ணாத்தே?" என்று கேட்டான்.

நான் சரியென்று தலையை ஆட்டினேன்.

பாதியிலேயே தொண்டையைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கப்பைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தான். யாருக்காக அந்த வீம்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொட்டுத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தான். அவன் பெண்டாட்டி ஜெயகுமாரி ஆவடியிலிருந்து கைக்குழந்தையோடு வந்து கம்பெனி கேட்டில் நின்று அழுதாள். பார்த்தேன். அதற்காக நான் இங்கே வரவில்லை.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். ஜேசுராஜே தொட்டியைக் கழுவினான், அவனே அலச மறந்துவிட்டான் என்று முடித்தார்கள். மெஷின்காரன் அவன்தானே என்கிறார் ரகுநாதன். அத்தனை பேர் முன்னால் அவன் என் பெயரைச் சொல்லியும், விசாரணையில் அது ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

தொட்டிக்குள் எப்படிக் கை விடுவது என்றுகூட அவனுக்குத் தெரியாது சார். ஒரு நாளாவது அவன் அதைக் கழுவியிருப்பானா? கழுவியவன் நான், வடிக்காமல் விட்டவன் நான், தலையாட்டியவன் நான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அது யாருடைய மெஷின் என்பதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.