பிரேக் கட்டை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஓர் அட்டையை மடித்துக் கொடுத்தால் இப்போதே சரிசெய்துவிடுவேன். வேண்டாமென்றால் நின்றுகொண்டே சொல்கிறேன். ஆடுகிற எதன்மேலும் எனக்கு உட்காரப் பிடிக்காது.

வண்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அப்பா வாங்கிய சின்ன டிராக்டர் அது. அடியில் பிளேடு பொருத்திப் புல் வெட்டுவது. என்னைவிட வயதில் மூத்தது. அப்பா போனபின் வண்டி அண்ணனுக்கு வந்தது. அண்ணன் தையல்காரர். தன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அந்த வண்டியின் கார்புரேட்டரைக் கழுவியது, பெல்ட் மாற்றியது, துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்தது எல்லாம் நான். பாடு ஒருவனுக்கு, பேர் இன்னொருவனுக்கு. ஆனால் நான் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மழையில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. எஞ்சினின் ஓட்டத்தைப் பிளேடுக்குக் கொண்டுபோவது அதுதான். லிவரைத் தள்ளினால் பிளேடு சுற்றும், இழுத்தால் நிற்கும். தட்டு தேய்ந்து வழவழவென்று போயிருந்தது. புல் கொஞ்சம் அடர்ந்து வந்தால் பிளேடு திணறி நின்றுவிடும்.

அண்ணன் கடையில் வைத்துச் சொன்னார், குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடியே.

"அந்தக் கிளட்ச்சக் கொஞ்சம் சரி பண்ணுடா. வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"ஒரு பைத்தியக்காரனுக்கு."

"விளையாடாதீங்கண்ணே. யாருக்கு?"

"ஏன், உன்னக் கேட்டுத்தான் குடுக்கணுமா? மொதல்ல வேலைய முடி, அப்புறம் சொல்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான். எனக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். பின்கட்டுக்குப் போய் வண்டியின் மூடியைத் திறப்பேன், மூடுவேன், உள்ளே வருவேன், மறுபடி போவேன். பட்டறையில் ஸ்பேனரைக் காணோமென்று தேடுவேன், அது கையிலேயே இருக்கும். யாரென்றே தெரியாத ஒருவன் அந்த லிவரைக் கரகரவென்று இழுத்து வைப்பான் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

கிளட்ச்சை நன்றாகத்தான் செய்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. புதுத் தட்டு போட்டேன். தேய்ந்த பேரிங்கை மாற்றினேன். ஸ்பிரிங்கைக் கழற்றிக் கழுவி உட்காரவைத்தேன். பிரேக் கட்டையை மட்டும் திருப்பி மாட்டவில்லை. விரலளவு துண்டு அது. லிவரை இழுத்ததும் பிளேடைச் சுழற்றுகிற புல்லிச் சக்கரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும். அது இல்லாவிட்டால், புதுத் தட்டு லேசாக உரசுகிற இழுப்பிலேயே பிளேடு நிற்காமல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் இரைச்சலில் அது காதில் விழாது. கட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

ஈரப்புல் பிளேடுக்கு மேலே அடைத்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். ஆனால் எங்கள் வண்டியைச் சூட்டோடு அணைத்தால் ஆறும்வரை கிளம்பாது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் அணைப்பதில்லை. லிவரை இழுப்போம், இறங்குவோம், சீட்டுக்குப் பின்னால் செருகியிருக்கும் குச்சியால் குத்தித் தள்ளுவோம். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். தப்பான பழக்கம். நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை வண்டியில் ஏறும்போது அண்ணன் கேட்டார்.

"லிவர இழுத்தா நிக்குதுல்ல?"

"நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணே."

பார்த்தீர்களா, நான் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பழ மரங்களுக்கு நடுவே இரண்டு சுற்றுப் போயிருப்பார். அடைத்துக்கொண்டது. இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இங்கருந்த குச்சி எங்க?" என்று அண்ணியைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணி வண்டியைச் சுற்றித் தேடினார், கதவுக்குப் பின்னால் தேடினார். "காணோமே" என்றார்.

"சரி விடு, கையாலயே எடுத்துடறேன்."

நான் குழாயடியில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கிரீஸ் லேசில் போகாது. தடுக்க நேரம் இருந்ததா என்கிறீர்கள். இருந்தது.

அவர் சாக வேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை. கூடப் பிறந்தவர். ஆளைக் காயப்படுத்திய வண்டியை யாரும் வீட்டுக்கு ஓட்டிப் போகமாட்டார்கள், அது பின்கட்டிலேயே கிடக்கும், நான் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் யோசனை. ஒரு விரல் போயிருந்தாலே போதும். போனது மணிக்கட்டோடு வலது கை, கத்தரிக்கோல் பிடிக்கிற கை. என் பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டி நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். கட்டு நன்றாக இருந்ததாக டாக்டரே சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அண்ணன் என்னைத்தான் கூப்பிட்டார்.

"ஏண்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? உன்மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அந்தப் பைத்தியக்காரன் யாருன்னு கேட்டியே. நீதாண்டா. வேற எவன் அதக் கட்டிட்டு அழுவான்? வேல முடிஞ்சதும் சாவியக் கையில குடுக்கலாம்னு இருந்தேன். உங்க அண்ணிகிட்ட வாங்கிக்க."

அழுதேன். உண்மையாகவே அழுதேன், நர்ஸைக் கேட்டுப் பாருங்கள். பிறகு வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பிரேக் கட்டையை மாட்டிவிட்டேன். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் போட்டிருந்த குச்சியையும் எடுத்துவந்து சீட்டுக்குப் பின்னால் பழையபடி செருகிவைத்தேன். அதைப் பார்த்துத்தான் அண்ணி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், பாவம். ஆனால் நீங்களே சொல்லுங்கள், இனிமேல் ஓட்டப்போவது நான். ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?