டியூனர் அக்கா ஏற்றுக்கொண்ட பழி

மேடையில் வீற்றிருக்கும் நம் மோட்டார் பந்தயச் சங்கத்தின் தலைவர் அவர்களே, கைகளில் தீக்காயத் தழும்போடு அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டியூனர் அக்காவின் கணவரான ஆசிரியர் அவர்களே, அவர் தோளில் சாய்ந்திருக்கும் மகளே, பட்டறைகளை மூடிவிட்டு வந்திருக்கும் தொழில்தோழர்களே! கனத்த நெஞ்சோடு அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு இஞ்சினைப் பிரிக்கத் தெரியும், பூட்டத் தெரியும். மைக் பிடித்துப் பேசத் தெரியாது. ஆனால் அக்காவோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவன் என்ற உரிமையில் என்னை இங்கே நிறுத்திவிட்டார்கள்.

அக்கா என்ன வேலை செய்தார் என்று தெரியாதவர்களும் வந்திருக்கிறீர்கள். ஒரு காருக்கு, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய டர்போ மாட்டுகிறோம். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றுகிறோம். கம்பெனியில் பூட்டி அனுப்பிய இஞ்சின் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாது! எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்தக் கணத்தில் தீப்பொறி கொடுப்பது என்று அது பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். அந்த வண்டிக்கு எந்தக் கம்ப்யூட்டர் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்து, அதற்குப் புதிய கணக்கைச் சொல்லிக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. அந்தக் கணக்கு பிசகினால் பிஸ்டன் உருகிவிடும்.

தேர்ந்தெடுப்பதில் அவரைப் போல் கறாரானவரை நான் பார்த்ததில்லை. ஒரு வங்கி ஊழியர் தன் சின்ன காரைக் கொண்டுவந்து, பந்தய வண்டிக்குப் போடும் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்கா கேட்டார்:

"வண்டிய எங்க ஓட்டப் போறீங்க?"

"ஆபீசுக்குங்க. ஞாயித்துக்கிழமை அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"வாளித் தண்ணியில குளிக்கப் போறவருக்கு நீச்சல் கண்ணாடி எதுக்குங்க? உள்ள இருக்கிற கம்ப்யூட்டரே போதும். அதுலயே மாத்தித் தரேன். அம்மாவுக்கு முதுகு வலிக்காம ஓட்டுங்க, போங்க."

பெரிய வியாபாரத்தைக் கைநழுவ விட்டுவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் இதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அக்காவுக்குக் காதுதான் பாதித் தொழில். வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி முழு வேகத்தில் ஓடவிடுவோம். இஞ்சினுக்குள் தவறான நேரத்தில் வெடித்தால் சன்னமாக ஒரு தட்டல் சத்தம் வரும். ஹெட்ஃபோனில் அதைக் கேட்ட உடனே நிறுத்த வேண்டும். அந்தக் காதுதான் முதலில் போனது. இடது காது மங்கியது, பிறகு வலது காதும் மங்கியது. காதுக்குப் பின்னால், மூளையை ஒட்டிக் கட்டி வளர்கிறது என்றார் மருத்துவர்.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? மறைத்திருப்பார். அக்கா மறைத்தாரா? வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் தானே சொன்னார். "எனக்குக் காது கேக்கலைங்க. இனிமே தம்பி கேப்பான், நான் கம்ப்யூட்டர்ல மாத்துவேன். சம்மதம்னா வண்டிய விடுங்க." ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினார். தட்டல் கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். "சந்தேகமா இருந்தாலும் தூக்குடா" என்றார். எத்தனையோ முறை வீணாகத் தூக்கியிருக்கிறேன். ஒருமுறைகூட அவர் முகம் சுளித்ததில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "செவிட்டுப் பொம்பளைகிட்டயா இஞ்சினக் குடுக்கிறது?" என்றார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நம் செயலாளரும் போனார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மேம்பாலத்துக்குக் கீழே பட்டறை வைத்திருக்கும் டியூனரிடம் தன் பந்தயக் காரைக் கொண்டுபோனார். நமக்கெல்லாம் அவர் பாலத்தடிக்காரர். அக்கா தடுக்கவில்லை. "அவரும் நல்லா பண்ணுவாருங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

அதற்கடுத்த மலைப்பாதைப் பந்தயத்தில் நடந்ததை இந்தச் சபை அறியும். கடைசி ஏற்றத்தில் இஞ்சின் வெடித்தது. கார் தீப்பிடித்தது. கதவைத் திறக்கப் போராடியதில் செயலாளரின் இரண்டு கைகளும் வெந்தன. பழி யார் மேல் விழுந்தது? பாலத்தடிக்காரர் மேல்! அளவுக்கு மீறிச் சக்தி ஏற்றி ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தான் என்றார்கள். அவர் பட்டறைக் கதவில் தாரைப் பூசினார்கள். அவர் பிள்ளைகள் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

சங்கத்தார் கருகிய காரை இழுத்துக்கொண்டு எங்களிடம்தான் வந்தார்கள். எதற்கு? பாலத்தடிக்காரரின் தப்பை அக்கா வாயால் கேட்பதற்கு! பின்புறத்தில் இருந்ததால் கம்ப்யூட்டர் தப்பியிருந்தது. அதில் அவர் எழுதியிருந்த கணக்கை அக்கா வரி வரியாகப் பார்த்தார். "தம்பி, இவர் போட்டது சரியாத்தான் இருக்கு" என்றார். பெட்ரோல் போகும் வழியைப் பின்தொடர்ந்து டேங்க் வரை போனார். பெட்ரோல் பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் கனெக்டர் நெகிழ்ந்து, உள்ளே உருகியிருந்தது. ஏற்றத்தில் இஞ்சின் முழு மூச்சாகப் பெட்ரோல் கேட்டபோது பம்ப்பால் கொடுக்க முடியவில்லை. பெட்ரோல் குறைந்ததும் சூடேறி பிஸ்டன் உருகிவிட்டது.

அந்தக் கனெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது நான் மாட்டினதுடா."

ஆம், நண்பர்களே! வண்டி எங்களிடம் இருந்த காலத்தில் அந்த வயரிங்கை அக்காதான் தன் கையால் செய்தார். இது வேறு யாருக்குத் தெரியும்? அந்த நேரம் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். "அக்கா, குலுங்கிக் குலுங்கி லூசாகியிருக்கும், யாரைச் சொல்ல முடியும்?" என்றேன். என் உதட்டசைவைப் படித்தார். தலையை ஆட்டி மறுத்தார்.

அன்று அவரை அழைத்துப்போக ஆசிரியர் ஐயா வந்தார். அக்கா நடந்ததைச் சொன்னார். அவர் மனைவியின் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"சொன்னா கடைய மூட வேண்டியதா இருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப சொல்லிடு. நான் கூட வரேன்."

அக்கா இந்தச் சபையில்தான் சொன்னார். "பாலத்தடிக்காரர் மேல தப்பு இல்லைங்க. அந்த வயரிங் என்னோடது. கைய எரிச்சது நான்தான்." நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஒருவரும் கை தட்டவில்லை. மிச்சமிருந்த வாடிக்கையாளர்களும் வண்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பட்டறை வெறிச்சோடியது. நேர்மையாக நடந்தவருக்கு உடனே மாலை விழுந்தது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

ஆனால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பாலத்தடிக்காரர். தன்னிடம் வரும் வண்டிகளுக்கு எந்தக் கம்ப்யூட்டர் போடலாம் என்று அக்காவிடம் கேட்க வந்தார். வரும்போதெல்லாம் ஒரு வண்டியையும் ஓட்டிவந்து, "நீங்களே பாருங்கக்கா" என்று விட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் செயலாளர். கட்டுப் பிரிக்காத கைகளோடு வந்து நின்றார். அக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்: "புது இஞ்சின் போட்டுக் குடுங்கக்கா. திரும்ப ஓட்டணும்."

அந்த வேலையை ஆரம்பித்தோம். நான் இஞ்சினைக் கட்டினேன். அக்கா வயரிங்கை முழுவதும் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தார். ஒவ்வொரு கனெக்டரையும் என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். கம்ப்யூட்டரில் கீழ்வேகத்துக்கான கணக்கு முடிந்தது. மேல்வேகத்தைத் தொடும் முன்பே ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். போகும்போது, "எனக்காக வண்டிய நிறுத்தி வைக்காதீங்க" என்றார். நாங்கள் நிறுத்தித்தான் வைத்தோம். அக்கா திரும்பி வரவில்லை.

பெரியோர்களே! எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. வண்டியை உருளைகளில் ஓடவிடும் அறைக்குள் போனால் அவர் நாற்காலியைத் தாண்டித்தான் இஞ்சினுக்குப் போக வேண்டியிருக்கிறது. சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஆனாலும் ஆசிரியர் ஐயா முன்னிலையில், மகள் முன்னிலையில், ஓர் உறுதி சொல்கிறேன். செயலாளரின் காரை நாங்கள் முடிப்போம். கணக்குப் போடப் பாலத்தடிக்காரர் வருகிறார். நேற்றே சம்மதம் சொல்லிவிட்டார். நான் கேட்பேன், அவர் மாற்றுவார். தேவையில்லாததை யார் தலையிலும் கட்ட மாட்டோம். எங்கள் கையால் தவறு நடந்தால், வேறு யாரும் கண்டுபிடிக்கும் முன் நாங்களே வந்து இந்தச் சபையில் சொல்வோம்.

அப்படிச் சொல்லும் நாளில் எங்கள் குரல் நடுங்கலாம். அன்று அக்காவின் குரலும் நடுங்கியது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அவருக்கு அது கேட்கவில்லை. தைரியமாகப் பேசிவிட்டோம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் கடைசிவரை சொல்லவில்லை.