பதினேழாம் கவி

மூர்த்தி: பூரணி! மிஷினை நிப்பாட்டு. நிப்பாட்டு கா!

பூரணி: என்ன மச்சான், வீடு பத்தினாப்போல ஓடி வாறீங்க? காலைக் கழுவுங்க. தைச்ச சட்டையெல்லாம் சேறாகுது...

மூர்த்தி: கடிதம் வந்திட்டு! மெட்ராஸ் பண்டிதர்மாரிட்ட இருந்து. பாரு, ராசாட தலை போட்ட முத்திரை. நம்மட ஊர்ப் பொண்டுகள் பாடுற கவியிட தாளத்தைப் பத்தி நான் எழுதினத வாசிச்சிருக்காங்க. வந்து பேசட்டாம். ஆராய்ச்சி வேலையும் தருவாங்களாம்!

பூரணி: மெய்யாவா? அம்மா! அம்மோய்... இஞ்ச ஓடி வாங்க!

மூர்த்தி: மாமி கிணத்தடியில. கத்தாத, முழுக்கக் கேளு. இண்டைக்கு நாலு மணி ரயில் கோச்சியில வெளிக்கிடுறன்.

பூரணி: இண்டைக்கா!

மூர்த்தி: எல்லாம் உன்னாலதான் கா. நெல்லுக் குத்துற பொண்டுகள் ஆம்பிளை நிண்டா வாயே திறக்கமாட்டாங்க. நீ தோணியேறி வவுணதீவுக்குப் போய், அவங்கட பாட்டைக் கேட்டு, உலக்கை விழுற இடமெல்லாம் கோடு போட்டு எழுதித் தராட்டி, எனக்கு ஏது கட்டுரை?

பூரணி: ஓம், வெயில்ல காய்ஞ்சது நான். மாலை உங்களுக்கு.

மூர்த்தி: பதினேழு கவி! அதுல எதை முதல்ல பாடிக் காட்டுவன், சொல்லு பாப்பம்?

பூரணி: அந்த மழைக் கவி?

மூர்த்தி: இல்ல. பதினேழாவது.

பூரணி: ...அது நல்லாவேயில்ல.

மூர்த்தி: நல்லால்லையா!

தோணிக் கரையிருந்து
தொட்டெண்ணிப் பாட்டளக்கும்
ஆணிமுத்து மச்சானே – என்
ஆசையளப் பதெப்போ?

முன்னூறு வருசப் பழசு எண்டு சொல்லப்போறன்.

பூரணி: முன்னூறா!

மூர்த்தி: குறையாது. அந்தக் காலத்திலயும் என்னைப்போல பாட்டளந்து திரிஞ்ச விசரன் ஒருத்தன் இருந்திருக்கான், பாத்தியா!

பூரணி: வேணாம் மச்சான். அங்க பண்டிதர்மார்... துருவித் துருவிக் கேப்பாங்க.

மூர்த்தி: கேக்கட்டும். வவுணதீவு இரத்தினம்மா பாடினது எண்டு பேரோட சொல்லுவன். நீதானே அப்பிடி எழுதியிருக்காய்?

பூரணி: ...எழுதினன்தான்.

மூர்த்தி: மறுகா என்ன? பெட்டி அடுக்கணும். வாறன்.

பூரணி: நில்லுங்க! போகாதீங்க...

மூர்த்தி: கோச்சி போயிடும் கா.

பூரணி: அதைப் பாடினா உங்களைப் பாத்துச் சிரிப்பாங்க. வேலையும் கிடைக்காது. அது... இரத்தினம்மா பாடல்ல.

மூர்த்தி: மறுகா ஆர்?

பூரணி: மத்தப் பதினாறும் மெய். சத்தியம்! அது மட்டும்... இந்த மிஷின்ல இருந்து தைக்கக்குள்ள நானாக் கட்டினது. ஏசுங்க. தலையில குட்டுங்க. ஆனா அங்க பாடிடாதீங்க... என்ன, சிரிக்கிறீங்க?

மூர்த்தி: மத்தக் கவியெல்லாம் உலக்கைத் தாளம். குத்தி, மூச்சு விட்டு, குத்தும். இது மூச்சே விடாம ஓடுது. எந்த வேலைக்கு இப்பிடியொரு தாளம் எண்டு மூணு மாசம் மண்டையை உடைச்சன். கட்டுரை அனுப்புறதுக்கு முதல் நாள் உங்கட வாசலுக்கு வந்தா... உள்ள நீ மிஷின் மிதிக்கிறாய்!

பூரணி: கள்ளன்! தெரிஞ்சுகொண்டா இவ்வளவு நேரமும்... அப்ப கட்டுரையில?

மூர்த்தி: பதினாறுதான் போயிருக்கு. மத்தது எனக்கு வந்த கடிதம், அதை ஏன் ஊருக்குக் காட்டணும்? கோச்சியும் வெள்ளிக்கிழமைதான்... மாமியும் கிணத்தடியில இல்ல கா. மாமாவோட சேந்து வெத்திலைத் தட்டு வட்டா எடுத்துக்கொண்டு, என்னை மாப்பிள்ளை கேட்டு எங்கட வீட்ட போயிருக்கா.